மூன்று ஊர், ஒரு மட்டை!

மட்டை எடுத்துப் பந்தடித்தால் குற்றம்! மீறினால் சிறை, சிறையோடு தண்டம்! இப்படியும் ஒரு சட்டம் பிறந்தது, 1366ஆம் ஆண்டில், அயர்லாந்து நாட்டின் கில்கென்னி நகரில். இங்கிலாந்து மன்னனின் மகன் லயனல் கோமகன் பாராளுமன்றத்தைக் கூட்டினான். அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயர் ஐரிஷ் மொழி பேசலாகாது, ஐரிஷ் வீட்டில் பெண்ணெடுக்கலாகாது, ஐரிஷ்காரன் போல் குதிரை ஏறலாகாது என்று அடுக்கிக்கொண்டே போனது சட்டம். அந்த அடுக்கில் ஒரு பந்தாட்டமும் சேர்ந்தது! கோலால் தரையில் பந்தடிக்கும் அந்த ஆட்டம் வேண்டாம், வில்லையும் ஈட்டியையும் பழகுங்கள் என்றது.

ஏன் தெரியுமா? ஆள வந்தவன் ஆளப்படுபவனின் ஆட்டத்தை ஆடத் தொடங்கிவிட்டான். ஆட்டத்தில் தொடங்குகிறவன் மொழிக்குப் போவான், மொழியிலிருந்து உறவுக்குப் போவான், பிறகு எவன் ஆள்வது, எவனை ஆள்வது? அந்த அச்சம்!

சட்டம் எழுதிய மை உலர்ந்தது. எழுதியவர் எலும்பும் மண்ணாயிற்று. கில்கென்னி என்று சொன்னதும் இன்றைய அயர்லாந்துக்காரன் நினைவுக்கு வருவது எது? தடை செய்யப்பட்ட அதே ஆட்டம்! ஹர்லிங் என்பது அதன் பெயர். அகில அயர்லாந்துப் பட்டத்தை 2015 வரையில் 36 முறை வென்ற மாவட்டம் கில்கென்னி. அத்தனை முறை வென்ற வேறு மாவட்டம் கிடையாது. எந்த மண்ணில் தடை போட்டார்களோ, அந்த மண்ணே ஆட்டத்தின் தலைவாசலாயிற்று.

அந்தக் கில்கென்னியின் தென்பகுதியில், வாட்டர்போர்டு நகரம் நோக்கிச் செல்லும் பழைய சாலையில், பாலிஹேல் என்றொரு சிற்றூர். சில நூறு பேர் வாழும் ஊர். மாடும் மேய்ச்சல் நிலமுமாகச் சுற்றுப்புறம். கோயில், பள்ளிக்கூடம், நாலைந்து கடை. சாலையில் போகிறவன் கண்ணயர்ந்தால் ஊர் கடந்துவிடும். அந்த ஊரின் ஆட்டக் கழகம்தான் அயர்லாந்து முழுவதிலுமுள்ள கழகங்களையெல்லாம் ஒன்பது முறை வென்று, கழகங்களுக்கான கோப்பையைத் தூக்கி வந்திருக்கிறது. மாநகரங்கள் உண்டு, பெரும் பட்டணங்கள் உண்டு, பணக்காரப் பகுதிகள் உண்டு. ஒன்பது முறை வென்றது இவர்கள் மட்டுமே! பாலிஹேல் ஷாம்ராக்ஸ் என்ற அந்தக் கழகத்தின் கதையைத்தான் சொல்லப் புகுகிறோம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு சொல். நம் தோழர்கள் ஹாக்கி பார்த்திருப்பார்கள். ஹாக்கியில் பெரும்பாலும் பந்து தரையில் ஓடும். இதில் தலைக்கு மேலே பறக்கும்! பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்து உள்ளே தக்கை, வெளியே தைத்த தோல். சிறியது, ஆனால் கல்போல் கெட்டியானது. பறந்து வருவதைக் கையால் பிடிக்கலாம். மட்டை நுனியில் நிறுத்திக்கொண்டு ஓடலாம். ஓட்டத்திலேயே ஓங்கி அடிக்கலாம். ஆங்கில எழுத்து 'எச்' வடிவில் கம்பம் நட்டிருப்பார்கள். குறுக்குக் கம்பத்துக்கு மேலே பந்து போனால் ஒரு புள்ளி. கீழே வலைக்குள் புகுந்தால் கோல், அதற்கு மூன்று புள்ளி. தலைக்கவசம் கட்டாயமென்று விதி வந்ததே 2010ல்தான். அதற்கு முன்பு? வெறுந்தலை! பல்லிழந்தவனும் விரல் ஒடிந்தவனும் ஊருக்கு ஊர் உண்டு.

மட்டை செய்வது ஆஷ் என்னும் மரத்தில். மேல்மரம் ஆகாது, அடிமரம் வேண்டும். வேராக மாறி மண்ணுக்குள் வளைகிறதே, அந்த இடம். அங்கே மரத்தின் நாரும் வளைவோடு ஓடும். அதனால் மட்டையின் வளைந்த முனை எளிதில் பிளப்பதில்லை. வேரோடு ஒட்டிய மரமே அடி தாங்கும் என்பது அந்நாட்டுத் தச்சர்கள் கண்ட உண்மை.

இனி, 1831க்கு வாருங்கள். பாலிஹேலுக்குப் பக்கத்தூர் நாக்டாபர். அந்த வட்டாரத்துக் குடியானவர்கள் கத்தோலிக்கர். ஆனால் அவர்கள் தசமபாகம் கட்ட வேண்டியது யாருக்கு? ஆங்கில அரசின் திருச்சபைக்கு! தாங்கள் கால் வைக்காத கோயிலுக்கு, தாங்கள் கேட்காத பிரசங்கத்துக்கு, உருளைக்கிழங்கிலும் தானியத்திலும் பங்கு! கட்டத் தவறினால் பசுவை ஓட்டிச் செல்வர். பானை சட்டியை ஏலம் போடுவர். குறைத்துக் கொள்ளுங்கள் என்று கேட்டுப் பார்த்தனர். நாக்டாபர் பங்கின் திருச்சபைக் குரு இணங்கவில்லை.

மக்கள் கூட்டம் போட எண்ணினர். கூட்டமென்றால் போலீஸ் வரும். ஆகவே பந்தாட்டம் என்றனர்! தோளில் மட்டையோடு நூற்றுக்கணக்கில் திரண்டனர். ஆட்டத்துக்குக் கூடியவர்களை எந்தச் சட்டத்தில் அடைப்பது? கில்கென்னிச் சீமான்கள் திகைத்தனர். அந்த மக்களுக்கு 'ஹர்லர்கள்' என்றே பெயரிட்டு நடுங்கினர். 1366ல் ஆள வந்தவன் ஆடிவிடுவானோ என்று அஞ்சிய ஆட்டம், 1831ல் ஆளப்படுபவன் அணிவகுக்கும் கருவியாயிற்று.

அவ்வாண்டு டிசம்பர் 14ஆம் நாள். தசமபாக நோட்டீசு கொடுக்கும் ஆள், ஆயுதம் ஏந்திய போலீசார் சூழ வந்தான். கேரிக்ஷாக் என்ற இடத்தில், இருபுறமும் கற்சுவர் கட்டிய ஒடுங்கிய சந்தில் கூட்டம் மறித்துக்கொண்டது. நோட்டீசு ஆளை எங்களிடம் விடுங்கள் என்றது கூட்டம், மறுத்தது போலீஸ். கல் பறந்தது, துப்பாக்கி வெடித்தது. சில நிமிடங்களில் நோட்டீசு ஆளும், போலீசாரில் பத்துப் பேருக்கு மேலும், ஊரார் மூவரும் மாண்டு கிடந்தனர். ரத்தத்தை நாம் கொண்டாடவில்லை. வயிற்றுப் பாட்டுக்குக் காக்கிச் சட்டை போட்டவனும் ஏழை வீட்டுப் பிள்ளைதான். பசுவை இழந்தவன் வீட்டில் அன்றிரவு என்ன பேச்சு நடந்திருக்கும், அதைத்தான் எண்ணுகிறோம். அடுத்த ஆண்டு வழக்கு நடந்தது. டேனியல் ஓ'கானல் என்னும் பெருந்தலைவர் குற்றவாளிக் கூண்டில் நின்ற குடியானவர்களுக்காக வாதாடினார். ஒருவரும் தண்டிக்கப்படவில்லை!

அந்த மண்ணில் விளைந்த கழகம் இது. அதைச் சொல்லாமல் கோப்பைக் கணக்கு மட்டும் சொன்னால் கதை நொண்டும்.

பிறகு பஞ்சம். 1845ல் உருளைக்கிழங்கு அழுகிற்று. நான்கைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டனர், அதே அளவு பேர் கப்பலேறினர். 1841ல் எண்பது லட்சத்தைத் தாண்டியிருந்த அயர்லாந்தின் மக்கள்தொகை, 1891ல் ஐம்பது லட்சத்துக்கும் கீழே. ஊரே காலியாகும்போது மட்டை எடுப்பவன் யார்? திடல்கள் புல் மண்டின. பதினெட்டாம் நூற்றாண்டில் இதே ஆட்டத்துக்குப் பந்தயம் கட்டி, குடியானவர்களை ஆடவிட்டு வேடிக்கை பார்த்த நிலப்பிரபுக்களும் எப்போதோ கை கழுவிவிட்டனர். கிரிக்கெட் வந்தது, சீமான் பாணி ஓட்டப் பந்தயங்கள் வந்தன. அந்தப் பந்தயங்களிலே ஒரு வேடிக்கை! 1860களில் ஆங்கிலச் சீமான்களின் ஓட்டக் கழகங்கள் விதி எழுதின: கைத்தொழிலாளி, கம்மியன், கூலியாள் ஆகியோர் போட்டியில் சேரத் தகுதியற்றவர்! ஓடுகிறவன் காலைப் பார்க்கவில்லை. கையிலுள்ள காய்ப்பைப் பார்த்தார்கள்.

இதைக் கண்டு கொதித்தவர் மைக்கேல் குசாக். கிளேர் மாவட்டத்து ஏழைக் குடும்பத்தில் 1847ல், அந்தப் பஞ்ச காலத்திலேயே, பிறந்த பள்ளி ஆசிரியர். கட்டைத்தாடி, கனத்த குரல், கையில் தடி, எவரிடமும் சண்டைக்கு ஆயத்தம். 1884 ஈஸ்டர் திங்களன்று டப்ளினிலிருந்து ஒரு குழுவை கால்வே மாவட்டத்துக்கு அழைத்துப்போனார், கில்லிமோர் ஊராரோடு ஆட. ஆட்டம் பாதியில் நின்றது! காரணம், அவர்கள் விதி வேறு, இவர்கள் விதி வேறு. ஊருக்கு ஒரு விதி வைத்துக்கொண்டு நாட்டுக்கு ஓர் ஆட்டம் என்றால் நடக்குமா? விதி ஒன்றாக வேண்டும். அதற்கு அமைப்பு வேண்டும். குசாக்குக்கு அன்று பிடிபட்டது அது.

1884 நவம்பர் 1ஆம் நாள். டிப்பரரி மாவட்டத்துத் தர்ல்ஸ் நகரில் ஹேய்ஸ் ஹோட்டலின் ஓர் அறை. நாடு முழுவதையும் அழைத்திருந்தார் குசாக். வந்தவர் எத்தனை பேர்? ஏழு பேர் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. பத்திரிகையாளர், கல் செதுக்குகிற தொழில்காரர், போலீஸ் அதிகாரி ஒருவர்கூட! மாரிஸ் டேவின் என்ற பேர்பெற்ற வீரர் தலைமை ஏற்றார். கெயிலிக் விளையாட்டுக் கழகம் பிறந்தது. ஏழு பேர் கூடிப் பிறந்த அந்தக் கழகத்துக்கு இன்று அயர்லாந்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகள். முதல் கூட்டத்தில் நாற்காலி காலியாகக் கிடந்ததைப் பார்த்து மனம் சோர்ந்த கிளைச் செயலாளர் எவரேனும் இதைப் படித்தால், அந்த ஏழை நினைத்துக்கொள்ளட்டும்!

காப்பாளர்களாக மூவரைக் கேட்டனர்: ஆர்ச்பிஷப் குரோக், அரசியல் தலைவர் பார்னெல், மைக்கேல் டேவிட். பாதிரியார் ஆதரவு இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. பங்குதோறும் கிளை முளைக்க அது உதவிற்று. ஆனால் நம் நெஞ்சம் நிற்பது டேவிட்டிடம். குடியானவர் வீட்டுப் பிள்ளை. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட குடும்பம். லங்காஷயர் பஞ்சாலையில் வேலைக்குப் போன சிறுவன். பதினோராவது வயதில், 1857ல், இயந்திரத்தில் சிக்கி வலக்கை போயிற்று! அந்த ஒற்றைக் கையர்தான் பின்னாளில் உழவர்களைத் திரட்டி நிலப்பிரபுக்களைக் கலங்கடித்தவர். இரு கையாலும் மட்டை பிடிக்கும் ஆட்டத்துக்கு அவர் காப்பாளர். 1888ல் வீரர்கள் அமெரிக்கா சென்று பணமின்றித் தவித்தபோது 450 பவுன் கொடுத்து மீட்டவரும் அவரே.

குசாக் என்ன ஆனார்? 1886லேயே செயலாளர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்! கணக்கு எழுதவில்லை, கடிதத்துக்குப் பதில் போடவில்லை, குரோக்கோடும் மோதினார். கட்டியவர் வெளியே, கட்டடம் உள்ளே. இப்படி நடப்பது அயர்லாந்தில் மட்டுமல்ல; அதை விடுவோம்.

அந்தக் கழகம் எடுத்த முடிவுகளில் நம்மைக் கவர்வன இரண்டு. ஒன்று, ஆட்டம் ஞாயிற்றுக்கிழமையில். வாரத்தில் ஆறு நாள் உழைப்பவனுக்கு வேறு எந்த நாள் ஓய்வு? சீமான் சனிக்கிழமை ஓடலாம். கூலியாள் ஓட முடியுமா? இரண்டு, பிறந்த பங்குக்கே ஆட வேண்டும். 'பங்கு' என்பது ஒரு கோயிலைச் சேர்ந்த சுற்றுவட்டாரம். பணம் கொடுத்துப் பக்கத்துப் பங்கின் வீரனை வாங்க முடியாது. பணம் வாங்கிக்கொண்டு அவன் வரவும் முடியாது. காரணம், ஆடுகிறவனுக்கு ஊதியமே கிடையாது! அன்றும் இல்லை, இன்றும் இல்லை. டப்ளினில் குரோக் பெயரால் நிற்கும் குரோக் பார்க் திடலில் 82,000 பேர் காசு கொடுத்துப் பார்க்கும் இறுதி ஆட்டத்தில் ஆடுகிறவனுக்கும் சம்பளம் இல்லை. மறுநாள் பள்ளிக்கூடம், வங்கி, பண்ணை, பட்டறை என்று அவனவன் பிழைப்புக்குப் போக வேண்டியதுதான்.

ஏகாதிபத்தியம் இதைச் சும்மா விடுமா? 1918ல், அனுமதிச் சீட்டு இல்லாமல் எந்த ஆட்டமும் நடக்கக் கூடாது என்றது அரசு. மனுப் போட்டார்களா? இல்லை! எந்தக் கிளையும் அனுமதி கேட்கக் கூடாது என்று தீர்மானம் போட்டனர். ஆகஸ்டு 4, ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி. நாடு முழுவதும் ஒரே நேரத்தில், ஏறத்தாழ 1,500 இடங்களில், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மட்டையும் பந்துமாகத் திடலில் இறங்கினர். எத்தனை பேரைப் பிடிப்பது? எந்தச் சிறையில் அடைப்பது? அனுமதிச் சட்டம் அன்று மாலையே செத்தது. இரண்டாண்டு கழித்து ரத்தம் சிந்திற்று. 1920 நவம்பர் 21ல் குரோக் பார்க்கில் கால்பந்தாட்டம் நடக்கும்போதே படை புகுந்து சுட்டது. பதினான்கு உயிர் போயிற்று, ஆடிக்கொண்டிருந்த மைக்கேல் ஹோகனும் அதில் ஒருவர். துவக்கக் கூட்டத்தில் போலீஸ் அதிகாரி ஒருவர் இருந்தார் என்றோமே, அதே கழகம் பிரிட்டிஷ் போலீசாரையும் படையினரையும் சேர்ப்பதில்லை என்று போட்ட தடை 2001ல்தான் நீங்கிற்று. ஏன் அத்தனை நாள் என்று கேட்பவர்கள் அந்த நவம்பர் ஞாயிற்றை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாட்டின் கதை போதும். நம் ஊருக்குத் திரும்புவோம். பாலிஹேல் பங்கில் மூன்று ஊர்கள்: பாலிஹேல், நாக்டாபர், நாக்மாய்லன். ஒரே பங்கு, ஆனால் ஆட்டத்தில் தனித்தனி! ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு மூன்றும் பிரிந்து நின்றன. பதினைந்து பேர் சேர்ப்பதற்கே ஒவ்வோர் ஊரும் திண்டாட வேண்டும். கில்கென்னியின் முதல்நிலைப் பட்டத்தை எட்டிப் பார்ப்பதற்கு எங்கே போவது?

ஒன்றாகிவிடுங்கள் என்று சொல்வது எளிது, தோழர்களே! சொல்கிறவனுக்கு என்ன போயிற்று? அப்பன் போட்ட சட்டையின் நிறம் போகும். பாட்டன் எந்த ஊர்க் கழகத்துக்காக மூக்கை உடைத்துக்கொண்டானோ, அந்தப் பெயர் பட்டியலிலிருந்து அழியும். நேற்றுவரை எவனை எதிர்த்து உறுமினோமோ, அவனோடு தோள் சேர்த்து நிற்க வேண்டும். பதினைந்து இடம்தான் உண்டு. மூன்று ஊரில் நாற்பத்தைந்து பேருக்கு இருந்த இடம் அது. முப்பது பேர் வேலிக்கு வெளியே நின்று கை தட்ட வேண்டும்! இணைப்பு என்பதன் விலை அது. மாநாட்டு மேடையில் ஒற்றுமை பற்றி முழங்குகிறவர்கள் அந்த முப்பது பேரை எண்ணுவதில்லை.

1972ல் அந்த விலையைக் கொடுத்தனர். மூன்றும் கலைந்து ஒன்றாயின. பெயர் ஷாம்ராக்ஸ், நிறம் பச்சையும் வெள்ளையும். ஷாம்ராக் என்பது அயர்லாந்தின் சின்னமான ஒரு சிறு புல்லிலை. ஒரே காம்பில் மூன்று இலை விரியும். ஒரு காம்பு, மூன்று இலை. ஒரு கழகம், மூன்று ஊர். பெயர்ப் பொருத்தம் எவருக்கும் கண்ணில் படும்.

என்ன விளைந்தது? ஆறே ஆண்டில், 1978ல், கில்கென்னி மாவட்ட முதல்நிலைப் பட்டம்! அடுத்த ஆண்டும் வென்றனர். அதற்கடுத்த ஆண்டும் வென்றனர். ஒன்பதாவது ஆண்டில், 1981ல், அகில அயர்லாந்துக் கழகப் போட்டியின் இறுதி ஆட்டம். எதிரே நின்றது யார்? கார்க் மாநகரின் செயின்ட் பின்பார்ஸ். ஏற்கெனவே இருமுறை அந்தப் பட்டம் வென்ற கழகம். மாநகரம் முழுவதும் பின்னால் நிற்கும் கழகம். இந்தப் பக்கம்? ஒன்பது வயதுக் கழகம், மூன்று சிற்றூர். வென்றது சிற்றூர்!

அந்தப் பதினைந்து பேரில் ஏழு பேர் ஒரே வீட்டுப் பிள்ளைகள்! மைக்கேல், கெர், கெவின், பிரெண்டன், லியம், ஷான், டெர்மட் என்ற பென்னலி சகோதரர்கள். ஏழு அண்ணன் தம்பி ஒரே ஆட்டத்தில் ஒரே பக்கம் நின்று நாட்டின் பட்டத்தை வீட்டுக்குக் கொண்டு வந்தனர். அந்த வீட்டுத் தாய் துவைத்த சட்டைகளின் எண்ணிக்கையை எந்தச் சரித்திரமும் எழுதி வைக்காது. நாமாவது நினைத்துப் பார்ப்போம்.

1984ல் மீண்டும் பட்டம், 1990ல் மீண்டும். கெர் பென்னலி 1979லும், லியம் பென்னலி 1983லும் 1992லும், கில்கென்னி மாவட்டக் குழுவுக்கே தலைமை தாங்கி அகில அயர்லாந்துக் கோப்பையை வாங்கினர். கில்கென்னியில் ஒரு வழக்கம்: எந்தக் கழகம் மாவட்டப் பட்டம் வெல்கிறதோ, அந்தக் கழகமே அடுத்த ஆண்டு மாவட்டக் குழுவின் தலைவனைச் சொல்லும். தேர்வுக் குழு வேறு, தலைவனைச் சொல்லும் உரிமை வேறு! சிற்றூரின் கூட்டத்தில் கை தூக்குகிறவர்கள் மாவட்டத்தின் தலைவனைத் தேர்கிறார்கள். கேட்கவே இனிக்கிறது.

பிறகு சரிவு. ஏழு அண்ணன் தம்பிக்கும் வயதாகும் அல்லவா? 1991க்குப் பின் பதினைந்து ஆண்டு, மாவட்டப் பட்டம் கண்ணில் படவில்லை. முதல்நிலையிலிருந்தே இறங்கி, நாட்டை மூன்று முறை வென்ற கழகம், இடைநிலைப் போட்டியில் ஆட வேண்டிய நிலை! நாம் இந்தக் கதையை எழுதத் துணிந்ததே இந்த இடத்துக்காகத்தான். தோற்றவர்கள் என்ன செய்தனர்? பணம் கொடுத்து ஆள் வாங்க விதி இடம் தராது. வெளியூர் நட்சத்திரத்தை அழைக்க வழியில்லை. வழி ஒன்றே ஒன்று: ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். இருப்பவனை வளர்ப்பதைத் தவிர வேறு கதியில்லாத ஏற்பாடு அது. 1997ல் இடைநிலைப் பட்டம் வென்று மேலே ஏறினர். அந்தக் குழுவில் சிவந்த முடியோடு பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பெயர், ஹென்றி ஷெப்லின்.

அந்தப் பையன் பின்னாளில் கில்கென்னிக்காக ஆடிப் பத்து அகில அயர்லாந்துப் பட்டங்களை வென்றார். ஆடுகளத்தில் இறங்கி பத்து வென்ற முதல் மனிதர் அவர்தான். நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றில் வேறெவரும் எட்டாத எண்! வேறு விளையாட்டாக இருந்தால் மாளிகை எழுப்பியிருப்பார். இவர் வங்கியில் வேலை பார்த்தார். மாலையில் பயிற்சி, காலையில் மேசை.

2006 முதல் 2009 வரை நான்காண்டும் மாவட்டப் பட்டம் பாலிஹேலுக்கே. ஆகவே முன்சொன்ன வழக்கப்படி கில்கென்னியின் தலைவர்கள்: 2007ல் ஷெப்லின், 2008ல் ஜேம்ஸ் பிட்ஸ்பாட்ரிக், 2009ல் மைக்கேல் பென்னலி. மூன்று ஆண்டும் கில்கென்னி நாட்டையே வென்றது. மூன்று ஆண்டும் கோப்பையைக் கையில் வாங்கியவன் இந்தச் சில நூறு பேர் ஊரின் பிள்ளை! கடைசியாகச் சொன்ன மைக்கேல் யார்? 1981ன் ஏழு சகோதரர்களுள் மூத்த மைக்கேலின் மகன்.

கழகப் பட்டமும் வந்தது: 2007, 2010, 2015. அந்த 2015 பட்டம் வென்ற சில நாட்களில் ஷெப்லின் மாவட்ட ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். பிறகு தன் ஊர்க் கழகத்துக்கே பயிற்சியாளராகத் திரும்பி, 2019லும் 2020லும் அதே கோப்பையை வெல்ல வைத்தார். அவர் விட்ட இடத்தில் டி.ஜே. ரீட் நின்றார்.

ஒரே கழகம் இவ்வளவு வெல்வது நல்லதா என்று கேட்போரும் உண்டு. கேள்வி நியாயமானதே. பிள்ளைகள் குறைந்து, பதினைந்து பேர் தேறாமல் பக்கத்துக் கழகத்தோடு சேரும் கிராமக் கழகங்கள் அயர்லாந்தில் பல. நகரம் இழுக்கிறது, ஆஸ்திரேலியா இழுக்கிறது. மரமும் சாகிறது! 2012ல் அயர்லாந்துக்குள் வந்த ஒரு பூஞ்சை நோய் ஆஷ் மரங்களைக் கருக்கிக்கொண்டே போகிறது. மூங்கிலிலும் செயற்கைப் பொருளிலும் மட்டை செய்யத் தொடங்கிவிட்டனர். பணத்தின் வாடையும் அடிக்கிறது. மாவட்டப் பயிற்சியாளர்களுக்குச் செலவு என்ற பெயரில் போவது எவ்வளவு என்று அந்த நாட்டுப் பத்திரிகைகளே கேட்கின்றன. பாலிஹேலின் ஒன்பது கோப்பை இவற்றில் எதற்கும் மருந்தல்ல.

அவர்களும் அழுததுண்டு. 2022 பிப்ரவரி 12, குரோக் பார்க், இறுதி ஆட்டம். எதிரி, வாட்டர்போர்டின் பாலிகன்னர் கழகம். நேரம் முடிந்துவிட்டது, பாலிஹேல் இரண்டு புள்ளி முன்னிலை. ஊதல் ஊத வேண்டியதுதான் பாக்கி. கடைசி அடி! பந்து வலைக்குள் பாய்ந்தது. கோல், மூன்று புள்ளி, ஒரு புள்ளியில் தோல்வி. ஒன்பதாவது பட்டத்தை நோக்கி எடுத்து வைத்த கால் எட்டாவதோடு நின்றது.

அதே ஆண்டு டிசம்பரில் அரையிறுதியில் அதே பாலிகன்னர் எதிரே வந்தது. வென்றனர். 2023 ஜனவரி 22ல் இறுதி ஆட்டம். எதிரே வடக்கு ஆன்ட்ரிம் மாவட்டத்து டன்லாய் என்னும் இன்னொரு சிற்றூர். 1 கோல் 22 புள்ளிக்கு 1 கோல் 15 புள்ளி. ஒன்பதாவது பட்டம்! ரீட் அப்போதும் ஆடினார். பென்னலி வீட்டு வாரிசும் பச்சை வெள்ளைச் சட்டையில் இருந்தார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கோப்பை தெற்கே, அந்தப் பழைய சாலை வழியே, ஊருக்குப் போயிற்று. மறுநாள் திங்கள்; ஒவ்வொருவருக்கும் சோறு போடும் வேலை வேறோர் இடத்தில் காத்திருந்தது.